பேசுகிறவரும் டிக்கெட் வாங்கணும்

"பேசப் போறது நீ. டிக்கெட்டும் நீயே வாங்கணுமா?"

கேட்டவர் எங்கள் தெரு அண்ணாச்சி. ராயப்பேட்டையில் முப்பது வருஷம் அச்சகம் நடத்தியவர். ஈய எழுத்தில் தொடங்கி, ஆஃப்செட்டுக்கு மாறி, டி.டி.பி.யையும் பார்த்துவிட்டு, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதும் மெஷினைக் கொடுத்துவிட்டு ஓய்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை தெருமுனை டீக்கடை பெஞ்சில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் உண்டு. அவருக்குச் சர்க்கரை இல்லாமல், எனக்கு ஸ்ட்ராங்காக. புரோகிராமர்கள் கூடுகிற மாநாடு ஒன்றில் பேச விண்ணப்பம் போட்டிருக்கிறேன், எடுத்துக்கொண்டால் ரயில் செலவும் நுழைவுக் கட்டணமும் என் கையிலிருந்துதான் என்று அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"கல்யாண வீட்டுல நாயனம் வாசிக்கறவர் மொய் எழுதிட்டா வாசிப்பாரு?" என்றார்.

நியாயமான கேள்விதான். என் மனைவியும் இதையே கேட்டாள், இத்தனை மரியாதையாக இல்லை.

அவரிடம் அமெரிக்கக் கதையிலிருந்து தொடங்கினேன். பைத்தான் என்கிற கணினி மொழியில் வேலை செய்கிறவர்கள் அங்கே ஆண்டுதோறும் பைகான் என்று ஒரு மாநாடு கூட்டுகிறார்கள். உங்கள் பேரன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறானே, அதே பைத்தான்தான். அங்கே நெடுங்காலமாக ஒரு வழக்கம்: உள்ளே வருகிற எல்லாரும் கட்டணம் கட்டவேண்டும். மேடையில் பேசுகிறவரும் கட்டுவார், மாநாட்டை ஓடியாடி நடத்துகிற தொண்டர்களும் கட்டுவார்கள். முடியாதவர்களுக்கு உதவித்தொகை தனியாக இருக்கிறது. பேச்சாளருக்கு மட்டும் காசும் சால்வையும் கொடுத்தால் மேடை ஒரு ஜாதி, தரை ஒரு ஜாதி என்று ஆகிவிடும். எல்லாரும் சீட்டு வாங்கினவர்கள் என்றால், பத்து மணிக்கு மேடையில் நின்றவர் பதினொரு மணிக்கு அடுத்த அரங்கில் நோட்டுப் புத்தகத்தோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

"அப்ப இது சங்கக் கூட்டம் மாதிரி" என்றார் அண்ணாச்சி. கிட்டத்தட்ட அதுதான். 1994 நவம்பரில் மேரிலாந்து மாநிலத்தில் பைத்தான்காரர்கள் முதல்முறையாகக் கூடியபோது இருபது பேர் அளவில்தான் இருந்தார்கள். பைகான் என்ற பெயரில் 2003இல் வாஷிங்டனில் தொடங்கியது. இப்போது ஆயிரக்கணக்கில் வருகிறார்கள்.

இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு முன்னோடி என்று எனக்குத் தோன்றுவது பெர்ல் என்ற இன்னொரு மொழிக்காரர்கள் 1999 ஜூனில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கூட்டியது. பெர்லுக்கு அப்போது பெரிய வணிக மாநாடு ஒன்று நடந்துகொண்டிருந்தது. கம்பெனி செலவில் போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை. கல்லூரி வகுப்பறைகளே போதும், மாணவனும் வரமுடிகிற விலையில் நடத்தலாம் என்று கெவின் லென்சோ என்பவர் இறங்கினார். பெயரே 'இன்னுமொரு பெர்ல் மாநாடு'. 2000ஆம் ஆண்டு நடந்ததற்கு அவர்கள் வைத்த பெயர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது: 19100.

"அது என்ன வருஷம்?"

பெர்லிடம் இது எந்த ஆண்டு என்று கேட்டால் 1900இலிருந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று சொல்லும். 1999இல் கேட்டால் 99. விவரம் புரியாதவர்கள் அதன் முன்னால் 19 என்று ஒட்டிவிட்டார்கள், 1999 என்று அழகாக வந்தது. 2000 பிறந்ததும் அது 100 என்றது. 19ஐ ஒட்டினால் 19100. புத்தாண்டு அன்று பல இணையதளங்கள் அப்படித்தான் காட்டின. அந்த அசட்டுத்தனத்தையே மாநாட்டுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

அண்ணாச்சி சிரித்தார். "நாங்க அச்சுப் பிழை வந்தா ராத்திரியோட ராத்திரியா எரிச்சுடுவோம். இவங்க பேனர் கட்டியிருக்காங்க."

டீ வந்தது. அவர் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தார். அது முதல் கேள்வியைவிடக் கனமானது. அனுபவப்பட்டவன் எதற்குத் தன் தொழில் சூட்சுமத்தைப் பொதுவில் அவிழ்க்கவேண்டும்? அவர் பையனாக வேலைக்குச் சேர்ந்த அச்சகத்தில் மழைக்காலத்தில் மசி காயாதாம். அதில் எதையோ துளி சேர்த்தால் காயும். முதலாளி அதைச் சேர்க்கிற நேரம் பார்த்துப் பையனை டீ வாங்க அனுப்பிவிடுவாராம். "ஆறு வருஷம் டீ வாங்கினேன். கடைசி வரைக்கும் அவர் சொல்லவே இல்ல."

இதற்கு வாயால் பதில் சொன்னால் உபதேசம் போல் ஆகிவிடும். வடை வைத்துக் கொடுத்த தாள் கையில் இருந்தது. பேனாவை எடுத்தேன்.

"'தமிழ்'ங்கற சொல்லுல எத்தனை எழுத்து அண்ணாச்சி?"

"மூணு. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"பைத்தான்கிட்ட கேட்டா அஞ்சுங்கும்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நான் எழுதிக் காட்டினேன். கணினிகள் இன்று எழுத்தை வைத்துக்கொள்கிற முறை யூனிகோடு. அதில் தமிழின் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் கிடையாது. 'த'வுக்கு ஓர் எண். 'ம'வுக்கு ஓர் எண். அந்த 'ம'வை 'மி' ஆக்குகிற கொக்கிக்குத் தனியாக ஓர் எண். 'ழ'வுக்கு ஒன்று, அதன் தலையில் வைக்கிற புள்ளிக்கு ஒன்று. ஆக ஐந்து. இந்தச் சொல்லைப் பின்னாலிருந்து முன்னாலாகத் திருப்பச் சொன்னால் நீங்களும் நானும் 'ழ்மித' என்போம். மெஷின் அந்த ஐந்தையும் திருப்பும். புள்ளி முதலில் ஆதரவில்லாமல் நிற்கும். 'ம'வுக்கு உரிய கொக்கி 'ழ'வைப் பிடித்துக்கொள்ளும். 'ழிமத' என்று என்னவோ வரும்.

"இது எங்க கேஸ்தானே!" என்றார் அவர். கேஸ் என்றால் ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கிற மரத்தட்டு. "கொம்பு ஒரு அறை, கால் ஒரு அறை. 'கொ' கோக்கணும்னா கொம்பு, க, கால். மூணு அச்சு."

அங்கேதான் ஒரு வித்தியாசம் என்றேன். அச்சுக் கோப்பவர் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் வைப்பார், கொம்புதான் முதலில். யூனிகோடு காதுக்குக் கேட்கிற வரிசையில் வைக்கும். முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. கொம்பை இழுத்து முன்னால் போடுவது திரையில் வரைகிற நேரத்தில் நடக்கிற வேலை. இன்னொரு கோணலும் உண்டு. அந்த ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். இரண்டுமே செல்லும். திரையில் மயிரிழை வித்தியாசம் இருக்காது. ஒருத்தர் 'கொடி' என்று ஒருவிதமாக அடித்து வைத்திருப்பார், நான் இன்னொரு விதமாக அடித்துத் தேடுவேன். "அப்படி எதுவும் இல்லை" என்று மெஷின் கையை விரிக்கும். ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரவேண்டும். அதற்குப் பைத்தானிலேயே ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரி தேவைப்படும் என்பதுதான், ஒருநாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்ளாதவனுக்குத் தெரியாது.

"சரி, அஞ்சுன்னு வெச்சுக்குவோம்."

வைத்துக்கொள்ளவும் முடியாது. அது நினைவகத்தில் இருக்கிற கணக்கு. கோப்பில் எழுதும்போதோ கம்பியில் அனுப்பும்போதோ எல்லாம் பைட்டுகளாக, அதாவது ஒவ்வொன்றிலும் 256 வகை மட்டுமே அடங்குகிற சின்னப் பெட்டிகளாக, மாறவேண்டும். இன்று எங்கும் புழங்குகிற முறை யூ.டி.எஃப்-8. அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று பைட். 'தமிழ்' 15 பைட். கண்ணுக்கு மூன்று, பைத்தானுக்கு ஐந்து, கோப்புக்குப் பதினைந்து. (இந்த யூ.டி.எஃப்-8ஐ 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து வடிவமைத்தார்கள். தட்டுக்கு அடியில் விரிக்கிற தாளில்தான் தாம்சன் அதை எழுதினார். எங்கள் வடைத் தாளுக்கும் ஒரு மரியாதை வந்தது.) ஆங்கிலத்தில் 160 எழுத்து ஏற்றுக்கொள்கிற குறுஞ்செய்தி தமிழில் அடித்தால் 70இல் முடிந்துவிடுவதும் இதற்குச் சொந்தக்காரச் சங்கதிதான். அங்கே முறை வேறு. ஆனால் புள்ளியும் கொக்கியும் அந்த எழுபதில் தனித்தனியாக இடம் பிடிக்கும்.

இந்த இடத்தில் என் வண்டவாளத்தையும் சொல்லவேண்டியதாயிற்று. பல வருஷத்துக்கு முன்னால், அப்போது வேலை பார்த்த இடத்தில் ரசீது அடிக்கிற நிரல் ஒன்று எழுதினேன். பெயருக்கு 20 இடம். நீண்ட பெயர் வந்தால் இருபதில் வெட்டிவிடு என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். நான் வெட்டியது எழுத்தை அல்ல, பைட்டை. சோதித்துப் பார்த்ததெல்லாம் குமார், ரவி என்று ஆங்கிலத்தில் அடித்த பெயர்கள். முதல் வாரத்திலேயே 'மீனாட்சி' வந்தாள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ம, நெடில் சுழி, ன, கால், ட, புள்ளி, ச, கொக்கி. எட்டு எண், 24 பைட். 18 பைட்டில் 'மீனாட்' முடிந்துவிடும். மிச்சம் இரண்டு பைட், 'ச'வின் மூன்றில் இரண்டு பங்கு. முக்கால் ச-வும் இல்லாத அந்தத் துண்டுக்கு மெஷின் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்டு அடித்துக் கொடுத்தது. ரசீதை வாங்கின அந்த அம்மாள் கவுன்ட்டரில் கேட்டாராம்: "என் பேர்ல என்னப்பா சந்தேகம்?"

நெட் பேட்செல்டர் என்ற பாஸ்டன்காரர் 2012இல் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த பைகானில் யூனிகோடைப் பற்றி ஒரு பேச்சு பேசினார். அந்தப் பேச்சை நான் பார்த்தது இந்தச் சம்பவத்துக்குப் பிறகு. பைகான் பேச்சுகளை ஒளிப்பதிவு செய்து யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று போட்டுவிடுகிறார்கள், என்னை மாதிரி ஆட்களுக்கு அதுதான் கல்லூரி. நிரலின் எந்தெந்த வரிகளைச் சோதனை தொட்டது என்று காட்டுகிற ஒரு கருவியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறவர் அவர். அவருக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டியிருந்தால் இரண்டு நாள் ஆகும். அவர் எடுத்துக்கொண்டது ஐந்து உண்மை, மூன்று யோசனை, அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவது எல்லாமே பைட். உலகத்துக்கு 256 குறிகள் போதாது. அதனால் பைட், எழுத்து இரண்டையும் கட்டிக்கொண்டுதான் அழவேண்டும். இப்படி ஒவ்வொன்றாக, வழுக்கின ஒவ்வொரு படியையும் காட்டிக்கொண்டு போனார்.

அவர் சொன்ன முக்கிய யோசனைக்கு உவமை சாண்ட்விச். எனக்கு நம் வீட்டு வாசல் சுலபம். செருப்போடு வருகிறவர் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும், வீட்டுக்குள் வெறுங்கால். திரும்பப் போகும்போது வாசலில் மாட்டிக்கொள்ளலாம். பைட்டு செருப்பு. நிரலுக்குள் நுழைகிற இடத்திலேயே அதை எழுத்தாக மாற்றிவிடு, உள்ளே எழுத்தாகவே வைத்துக்கொள், வெளியே அனுப்புகிற கடைசி நொடியில் மறுபடி பைட்டாக்கு. கூடத்தில் ஒருத்தர் செருப்போடும் ஒருத்தர் வெறுங்காலோடும் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு மீனாட்சி அம்மாள் ரசீது சாட்சி. மூன்றாவது யோசனை எனக்கென்றே சொன்னது போலிருந்தது: ஆங்கில எழுத்தை மட்டும் வைத்துச் சோதிக்காதே.

நான்காவது உண்மையைச் சொல்லும்போது அண்ணாச்சி குறுக்கே வந்தார். வெறும் பைட்டைப் பார்த்து அது எந்த முறையில் எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்கமுடியாது என்பது அந்த உண்மை.

"இதை நீ அமெரிக்காவுல போயா கத்துக்கணும்? ஃபாண்ட் பேர் எழுதாம ஃப்ளாப்பி கொண்டுவந்து கொடுப்பான் பாரு, அவனைக் கேளு!"

எனக்குச் சுருக்கென்றது. டி.டி.பி. காலத்தில் தினமும் அவர் பட்ட பாடு அது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் திரையில் தெரிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. இன்னொரு எழுத்துருவைப் போட்டால் வேறு ஏதோ தமிழ் மாதிரி தெரியும், படிக்கமுடியாது. எந்த ஃபாண்ட் என்று கொண்டுவந்தவரிடம் கேட்டால்தான் உண்டு. சிலர் எழுதிக் கொடுத்த பெயரே தப்பாக இருக்கும். "அதுதான் அவரோட அஞ்சாவது உண்மை அண்ணாச்சி" என்றேன். எந்த முறை என்று உறையில் எழுதியிருந்தாலும் அது பொய்யாக இருக்கலாம். பேட்செல்டரைக் கேட்கிற அரங்கில் அண்ணாச்சி இருந்திருந்தால் முதல் கை அவருடையதுதான்.

"சரிப்பா. சொல்றதால அவருக்கு என்ன வந்துது?"

இந்தத் தொழிலில் மசியும் மெஷினும் பொது என்றேன். பைத்தானை எவரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. அதை எழுதிப் பராமரிக்கிறவர்களும் இதே மாநாட்டுக்கு வருகிறார்கள். மசி காயவில்லை என்று நான் எழுந்து சொன்னால், மசி செய்கிறவன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். அதற்கு நான் சொன்ன உதாரணம் டேவிட் பீஸ்லி.

பட்டிமன்றத்தில் இரண்டு பேச்சாளர், ஒரே மைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானுக்குள் அப்படி ஒரு மைக் உண்டு; ஒரே நிரலுக்குள் சேர்ந்து ஓடுகிற வேலைகளை இழை என்பார்கள், எதன் கையில் மைக் இருக்கிறதோ அந்த இழைதான் ஓடமுடியும். வேலையை இரண்டு இழையாகப் பிரித்தால் சீக்கிரம் முடியும் என்று நாம் நினைப்போம். மெஷினிலும் இரண்டு மூளை இருக்கும். ஆனால் ஒரே இழையில் ஓடுவதைவிட அது மெதுவாக ஓடுகிறது என்பதை 2009இல் சிகாகோவின் உள்ளூர்ப் பைத்தான் குழுவில் பீஸ்லி காட்டினார். மைக்கைப் பிடுங்குவதிலேயே நேரம் போகிறது. முன்பு நூறு கட்டளைக்கு ஒருமுறை மைக்கை விட்டுக்கொடுக்கிற ஏற்பாடு. விட்டவனே மறுபடி பிடித்துக்கொள்வான், மற்றவன் எழுந்து எழுந்து உட்காருவான். அதே ஆண்டின் பிற்பகுதியில் பைத்தானின் மையக் குழுவைச் சேர்ந்த அந்துவான் பித்ரூ இந்த ஏற்பாட்டையே மாற்றி எழுதினார். நூறு கட்டளைக் கணக்கு போய் ஐந்து மில்லி நொடிக் கணக்கு வந்தது. 2010இல் அட்லாண்டா பைகானில் பீஸ்லி மறுபடி மேடையேறி, எந்த நொடியில் மைக் யார் கையில் இருந்தது என்று படம் போட்டுக் காட்டினார். பழைய ஏற்பாட்டை மட்டுமல்ல, புதியது எங்கே இடறுகிறது என்பதையும் சேர்த்து. புதிய ஏற்பாடு 2011இல் பைத்தான் 3.2உடன் வெளிவந்தது. மைக்கே இல்லாத ஒரு சோதனை வடிவம் 2024 அக்டோபரில் 3.13உடன் சேர்ந்து வந்தது. பதினைந்து வருஷம் பேசிக்கொண்டே வந்த விவகாரம்.

எல்லாப் பேச்சும் இப்படி இருக்கும் என்று நம்பிப் போகவேண்டாம். இருபது வருஷ அனுபவத்தை முப்பது நிமிஷத்தில் எண்பது சிலைடாக அடுக்கி மூச்சு வாங்குகிறவர்கள் உண்டு. கற்றுக்கொடுப்பதாகச் சொல்லிவிட்டு அவரவர் கம்பெனிப் பெருமை பேசுகிறவர்கள் உண்டு. பெயர் பெற்றவர் என்பதற்காக மேடை கொடுக்கக்கூடாது என்று அமெரிக்கப் பைகானில் முதல் சுற்றில் விண்ணப்பங்களைப் பெயர் மறைத்துத்தான் படிக்கிறார்கள். அது பாதி நோய்க்கு மருந்து. மீதிக்கு மருந்து ஐந்து நிமிஷப் பேச்சு. மின்னல் பேச்சு என்பார்கள். பெர்ல்காரர்களின் அந்த 19100 மாநாட்டில் மார்க் ஜேசன் டாமினஸ் புகுத்தியது. ஐந்து நிமிஷம் முடிந்தால் முடிந்ததுதான், மணி அடித்து இறக்கிவிடுவார்கள். பெரிய ஆளானாலும் சரி, நேற்றுக் கற்றுக்கொண்ட பையனானாலும் சரி. நான் பார்த்த நல்ல பேச்சுகளில் பாதி இந்த ஐந்து நிமிஷத்தில் நடந்தவை. வீணாக்க நேரம் இல்லாததால் ஆசாமி நேரே தான் விழுந்த குழிக்கே கூட்டிக்கொண்டு போய்விடுகிறான்.

நம் ஊர்க்கதை வேறு மாதிரி. இந்தியாவின் பைகான் 2009இல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் தொடங்கியது. அதை எழுப்பியவர்களில் ஒருவர் உதகையிலிருந்து இயங்கிய கென்னத் கொன்சால்வஸ். 2012இல் அவர் மறைந்த பிறகு, அவர் பெயரில் ஒரு விருது கொடுக்கிறார்கள். சென்னைக்கு 2019 அக்டோபரில் வந்தது, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். பிரதமர் மோடியும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்த அதே வார இறுதி. ஊரெல்லாம் போலீஸ். கிண்டியிலிருந்து போவதற்குள் எனக்கு முதல் பேச்சு போய்விட்டது.

நம் ஆட்கள் அரங்கில் கேள்வி கேட்கமாட்டார்கள். மைக்கை நீட்டினால் பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள். பேச்சு முடிந்து காபிக்கு வெளியே வந்ததும் பேசினவரைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். உண்மையான மாநாடு அங்கேதான் நடக்கிறது, வராந்தாவில். "நீங்க சொன்னதை நாங்க செஞ்சு பார்த்தோம் சார், வேலை செய்யலை" என்று யாராவது தொடங்குவார்கள். மேடையில் சொல்லாத பாதியை அவர் அங்கே சொல்வார். இந்த வராந்தா வட்டத்துக்குப் பைத்தான்காரர்களிடம் ஒரு விதி உண்டு. எரிக் ஹோல்ஷர் என்பவர் சொல்லிப் பரவியது. பேக்-மேன் விளையாட்டில் வாயைத் திறந்துகொண்டு ஓடுமே ஒரு மஞ்சள் வட்டம், அந்த மாதிரி நிற்கவேண்டும். வட்டத்தை மூடிவிடாமல் இன்னும் ஓர் ஆள் நுழைய எப்போதும் இடைவெளி விட்டு நிற்கவேண்டும். புதிதாக வந்து தயங்கித் தள்ளி நிற்கிற பிள்ளை உள்ளே வந்துவிடும். நானும் ஒருகாலத்தில் தள்ளி நின்ற பிள்ளைதான், 1998இல் தொடங்கிய சென்னை லினக்ஸ் குழுவின் மாதக் கூட்டத்தில். ஐ.ஐ.டி.க்குள் அரங்கைக் கண்டுபிடிக்கவே எனக்கு அரைமணி ஆயிற்று. ஆங்கிலம் வராமல் வாய் மூடி உட்கார்ந்திருந்தேன். இப்போது காஞ்சி லினக்ஸ் குழு மாதிரி இடங்களில் முழுக்கத் தமிழிலேயே பேசுகிறார்கள். எனக்கு அது அப்போதே கிடைத்திருக்கலாம்.

மாநாடு முடிந்த பிறகும் அமெரிக்காவில் சில நாள் தங்குவார்கள். மேசையைப் போட்டு, பைத்தானையோ அதன் கருவிகளையோ எழுதுகிறவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பழுது பார்ப்பது. அதற்குக் கட்டணம் கிடையாது. "ஸ்டிக்கைப் பிடிச்சுப் பழகறது" என்று அண்ணாச்சி ஒரே வரியில் முடித்தார். அச்சுக் கோக்கிற தொழிலில் ஸ்டிக் என்பது எழுத்தை வரிசையாக நிறுத்துகிற சட்டம். அதைப் பெரியவர் பக்கத்தில் நின்று பிடித்தால்தான் பழகும், புத்தகத்தில் வராது.

இரண்டாவது டீ சொன்னார். காசு அவர் கணக்கில்.

"உன் பேச்சு எதைப் பத்தி?"

"இதேதான் அண்ணாச்சி. மூணா, அஞ்சா, பதினஞ்சா. மீனாட்சி அம்மா ரசீதோட."

"எவ்வளவு நேரம்?"

"பெரிய மாநாட்டுல எடுத்துக்கிட்டா அரைமணி. அதுக்கு முன்னாடி அடுத்த வாரம் உள்ளூர்க் கூட்டத்துல அஞ்சு நிமிஷம் பேசிப் பார்க்கறேன். அங்க டிக்கெட் கிடையாது."

எதுவும் சொல்லாமல் எழுந்து போனார். கோபமோ என்று நினைத்தேன். ஐந்து நிமிஷம் கழித்துக் கையில் ஒரு தீப்பெட்டியோடு வந்தார். திறந்து பெஞ்சில் கவிழ்த்தார். மூன்று ஈய எழுத்து, பழசாகிக் கறுத்தவை. தலைகீழாக, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்ததால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி வரிசைப்படுத்தினார். கொம்பு. க. கால்.

"'கொ'வை இப்படிக் காட்டினா அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுடும். உன் சிலைடைவிட இது நல்லா இருக்கும்" என்றார். நான் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று ஃபோனை எடுத்தேன். வேண்டாம், கையில் கொடுத்தால்தான் கனம் தெரியும் என்று தீப்பெட்டியையே நீட்டினார்.

"கூட்டத்துல சுத்தவிட்டா மூணும் திரும்பி வரணும். கால் என்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு."